கார் ஒருவருடையது, கால் இன்னொருவருடையது

1910 ஜூலையில், வாஷிங்டன் நகரில் அலுவலகம் வைத்திருந்த ஒருவர் தம் சொந்தக் காரில் பக்கத்து மாநிலமான மேரிலாண்டின் ஹையட்ஸ்வில் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே அவரைப் பிடித்து உள்ளூர் நீதிபதி முன் நிறுத்தினார்கள். 15 டாலர் அபராதம். வேகமாகப் போனார் என்பது குற்றச்சாட்டு அல்ல. மேரிலாண்ட் மாநிலத்தில் பதிவு செய்யாத காரை மேரிலாண்ட் சாலையில் ஓட்டினார் என்பதே குற்றச்சாட்டு. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1915-ல் வந்த தீர்ப்பு மாநிலத்தின் பக்கம் நின்றது. சாலையைப் போட்டது மாநிலம், மோட்டார் வண்டியோ ஆபத்தானது, ஆகவே எல்லை தாண்டி வருகிறவரிடமும் மாநிலம் பதிவும் கட்டணமும் கேட்கலாம் என்றார்கள் நீதிபதிகள்.

நூறு ஆண்டுக்குப் பிறகு அதே சாலைகளில் நடப்பது வேறு மாதிரி. விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த கார், வேறு மாநில நம்பர் பிளேட், பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருவில் ஒரு கம்பத்தின் மேல் கேமரா. போலீஸ்காரர் யாரும் கை காட்டி நிறுத்தவில்லை. ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து கிரெடிட் கார்டு கணக்கில் இரண்டு தொகைகள் தெரிகின்றன. ஒன்று அபராதம், மற்றொன்று அந்த அபராதத்தைக் கையாண்டதற்காக வாடகைக் கம்பெனி போட்ட கட்டணம். எந்தத் தெரு, என்ன வேகம், படத்தில் இருப்பது அந்தக் கார்தானா என்று கேட்க நினைப்பதற்குள் பணம் போய்ச் சேர்ந்து, நகராட்சிக் கணக்கில் விவகாரம் முடிந்தும் போயிருக்கும். பழியைப் பொதுவாகக் கேமராவின் மேல்தான் போடுகிறார்கள். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் கேமரா கடைசியில் வந்து சேர்ந்த ஒன்று. வெளிமாநிலத்தாரை எப்படிப் பிடிப்பது, ஓட்டியவர் தெரியாதபோது உரிமையாளரை எப்படிப் பொறுப்பாக்குவது, வண்டியை வாடகைக்கு விடுகிறவர் தம் பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது என்ற மூன்று பழைய கேள்விகளுக்கு அமெரிக்கச் சட்டம் வெவ்வேறு காலத்தில் சொன்ன பதில்கள் ஒரே காரில் ஏறிக்கொண்டதுதான் இதன் மூலம். ஒவ்வொரு பதிலிலும் தனியாகப் பார்த்தால் நியாயம் உண்டு. மூன்றும் சேர்ந்தபோது ஒன்று நழுவிப்போனது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு முதலில் தகவல் போய்ச் சேர வேண்டும் என்ற விதி அது. இந்த இழப்பு சின்னதல்ல என்பதே என் வாதம்.

வெளிமாநிலத்தார் விஷயத்தில் அந்த விதி எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். மேரிலாண்ட் தீர்ப்புக்கு மறு ஆண்டே, 1916-ல், நியூ ஜெர்சியின் சட்டம் ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நியூயார்க்கிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போகும் வழியில் நியூ ஜெர்சியைக் கடக்கிறவர்கூட, தம் மேல் வழக்கு வந்தால் நோட்டீஸைத் தம் சார்பில் வாங்கிக்கொள்ள அந்த மாநிலத்தின் அதிகாரி ஒருவரை முன்கூட்டியே எழுத்தில் நியமிக்க வேண்டும் என்றது சட்டம். நீதிமன்றம் அதையும் ஏற்றது. 1927-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பென்சில்வேனியாக்காரர் ஒருவர் மாசசூசெட்ஸில் ஓட்டிய காரால் ஒருவர் காயம்பட்டார். கையெழுத்தே வேண்டாம், எங்கள் சாலையில் சக்கரம் உருண்டாலே எங்கள் பதிவாளரை உங்கள் பிரதிநிதியாக ஒப்புக்கொண்டதாகப் பொருள் என்றது மாசசூசெட்ஸ் சட்டம். உச்ச நீதிமன்றம் சரி என்றது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நோட்டீஸின் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அவர் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வழக்குக் கட்டில் சேர்க்க வேண்டும். அந்த நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பது மறு ஆண்டே தெரிந்தது. நியூ ஜெர்சியின் சட்டம் ஏறக்குறைய அதே மாதிரியானதுதான். தகவலை வெளிமாநிலத்தாருக்கு அனுப்பியாக வேண்டும் என்ற வரி மட்டும் அதில் இல்லை. 1928-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கிடைத்துத்தான் இருந்தது. அப்படியிருந்தும், கிடைக்கும்படி செய்யச் சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும், தற்செயலாகக் கிடைத்தால் போதாது என்றார்கள். இவை அபராத வழக்குகள் அல்ல, விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் என்பது உண்மை. ஆனாலும் எல்லை தாண்டிக் கை நீட்ட மாநிலங்களுக்குக் கிடைத்த அதிகாரம் எந்த விலைக்குக் கிடைத்தது என்பதை இவற்றைப் போலத் தெளிவாகக் காட்டுபவை வேறு இல்லை. பிடிக்கலாம், ஆனால் சொல்லிவிட்டுப் பிடிக்க வேண்டும்.

காகிதத்தில் இருந்த அளவு நேர்மை சாலையில் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கார் பெருகிய காலத்தில் எத்தனையோ சிற்றூர்கள் வழிப்போக்கர்களின் அபராதத்தில் பிழைத்தன. ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகரத்துக்குத் தென்மேற்கே லுடோவிசி என்று ஒரு சிற்றூர். வட மாநிலங்களிலிருந்து ஃபுளோரிடா கடற்கரைக்குப் போகிற கார்கள் அதன் ஒற்றைப் போக்குவரத்து விளக்கைக் கடந்தாக வேண்டும். அந்த விளக்கு வெளியூர் நம்பர் பிளேட்டைக் கண்டால் பச்சையிலிருந்து சட்டென்று சிவப்புக்குத் தாவுகிறது, பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர்தான் அதை இயக்குகிறார் என்று பயணிகள் ஆண்டுக்கணக்கில் புகார் செய்தார்கள். கடைசியில் 1970-ல் மாநில ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸே ஊருக்கு வெளியே பெரிய பலகைகள் வைத்துப் பயணிகளை எச்சரித்தார். தன் மாநிலத்து ஊர் ஒன்றைப் பற்றித் தானே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டிய நிலை ஓர் ஆளுநருக்கு வந்ததென்றால் கொடுமையின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். ஒஹாயோ மாநிலத்தின் மன்ரோவில் கிராமத்தில் மேயரே நீதிபதி. 1964-ல் அந்தக் கிராமத்தின் மொத்த வருமானம் 46,355 டாலர், அதில் 23,589 டாலர் மேயரின் நீதிமன்றம் வசூலித்த அபராதமும் கட்டணமும். இப்படிப்பட்ட மேயர் நடுநிலையான நீதிபதியாக இருக்க முடியாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வெளியூர்க்காரரிடம் வசூலிப்பது ஏன் இவ்வளவு சுலபம் என்பதற்கு விடை எளிது. அவருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை, வாதாடத் திரும்பி வர நேரமும் இல்லை. கட்டிவிட்டுப் போவதா, நாலைந்து மணி நேரம் காத்திருந்து நீதிபதியைப் பார்ப்பதா என்ற தேர்வில் பெரும்பாலோர் கட்டிவிட்டுப் போவார்கள். 1977-ல் பல மாநிலங்கள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு இந்த நெருக்கடி கொஞ்சம் தணிந்தது. வெளிமாநில ஓட்டுநரை ஜாமீன் கேட்டு மடக்கி வைக்காமல் அபராத டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது, அவர் அதைப் புறக்கணித்தால் அவருடைய சொந்த மாநிலம் லைசென்ஸை நிறுத்தி வைப்பது என்பது ஏற்பாடு. இத்தனை மோசமான காலத்திலும் ஒன்று மட்டும் குறையவில்லை. லுடோவிசியில் ஏமாந்தவருக்குக்கூட எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதற்காகப் பிடிபட்டோம் என்பது தெரியும். எதிரே ஒரு மனிதர் நின்றார். அவரிடம் மறுத்துப் பேச முடிந்தது.

உரிமையாளரைப் பொறுப்பாக்கும் பழக்கம் வேறு இடத்தில், நின்றுகொண்டிருக்கும் கார்களிடமிருந்து வந்தது. தெருவோரத்தில் தவறாக நிறுத்திய காரில் யாரும் இருப்பதில்லை. நிறுத்தியவர் யார் என்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தால் சீட்டு எழுதவே முடியாது. ஆகவே பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கட்டட்டும் என்று நகராட்சிகள் விதி செய்தன. இதை எதிர்த்து முதலில் மல்லுக்கு நின்றவர்களில் வாடகைக் கார் தொழில்காரர்கள் இருந்தார்கள் என்பது இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம். குத்தகைக்கும் வாடகைக்கும் விட்ட வண்டிகளின் பெயரில் சேர்ந்து கிடந்த நிறுத்தச் சீட்டுகளுக்காகச் சிகாகோ நகரம் தொடுத்த வழக்கில் ஹெர்ட்ஸ் குழுமத்தின் கம்பெனி ஒன்று பிரதிவாதி. கார் எங்களுடையது, நிறுத்தியது நாங்கள் அல்லவே என்பது அவர்கள் தரப்பு. யார் நிறுத்தியிருந்தாலும் உரிமையாளரே பொறுப்பு என்று 1978-ல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நிறுத்தச் சீட்டு அற்பத் தொகை, அதனால் யாருக்கும் களங்கம் வருவதில்லை, வண்டியை யாரிடம் கொடுக்கிறோம் என்பது உரிமையாளரின் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் இப்படிப்பட்ட தீர்ப்புகளைத் தாங்கி நின்றது.

கேமரா வந்தபோது இந்தச் சட்டம் தயாராகக் காத்திருந்தது. வேகக் கேமராவின் முன்னோடி மோரிஸ் காட்சோனிடஸ், ஜாவாவில் பிறந்த டச்சுக்காரர், 1953-ல் மாண்டி கார்லோ கார்ப் பந்தயத்தை வென்றவர். வளைவுகளில் தாம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அளந்து இன்னும் வேகமாக ஓட்டுவதற்காக அவர் செய்த கருவிதான் பிறகு உலகம் முழுவதும் வேகத்தைத் தடுக்கப் பயன்பட்டது. 1958-ல் அதற்கென்று கம்பெனி தொடங்கினார். அமெரிக்காவில் டெக்சாஸின் சில ஊர்கள் 1980-களின் நடுவில் வேகக் கேமராவை முயன்று விரைவில் கைவிட்டன. 1987-ல் அரிசோனாவின் பாரடைஸ் வேலி என்ற ஊர் வைத்த கேமரா நிலைத்தது. அரிசோனாவின் வழி தனி. அங்கே குற்றம் ஓட்டியவருடையது, ஆகவே கேமரா முகத்தையும் படம் எடுக்க வேண்டும், நோட்டீஸ் முறைப்படி அவர் கையில் சேர வேண்டும். நேர்மையான ஏற்பாடு, ஆனால் நடைமுறையில் கடினமானது. 2008-ல் அந்த மாநிலம் நெடுஞ்சாலைகளெங்கும் கேமரா வைத்துப் பார்த்தது. தபாலில் வந்த நோட்டீஸை நேரில் தரும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஏராளமானோர் கிழித்துப் போட்டார்கள். 2010-ல் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மேரிலாண்டும் வாஷிங்டனும் நியூயார்க்கும் சிகாகோவின் நிறுத்தச் சீட்டு வழியை எடுத்துக்கொண்டன. முகம் வேண்டாம், நம்பர் பிளேட் போதும். வாஷிங்டனில் வேகக் கேமரா 2001-ல் வந்தது, மேரிலாண்டின் மான்ட்கமரி கவுன்டியில் 2007-ல், நியூயார்க் நகரப் பள்ளித் தெருக்களில் 2014-ல். அபராதம் மேரிலாண்டில் பல்லாண்டு 40 டாலர், நியூயார்க்கில் 50. லைசென்ஸில் தவறுக்கான புள்ளி ஏறாது, காப்பீட்டுக் கட்டணத்தையும் தொடாது. ஓட்டியவரைத்தான் பிடிப்பேன் என்று பிடிவாதமாக இருந்த கலிபோர்னியாவும் 2023-ல் ஆறு நகரங்களுக்கு வேகக் கேமரா அனுமதி தந்தபோது இதே பக்கம் வந்துவிட்டது. அங்கே அப்போது சிவப்பு விளக்குக் கேமராவில் முகத்தோடு சிக்கினால் ஏறக்குறைய 500 டாலரும் லைசென்ஸில் ஒரு புள்ளியும். புதிய வேகக் கேமராவின் அபராதம் உரிமையாளர் பெயரில், 50 டாலரிலிருந்து தொடங்குகிறது. இது ஒரு பேரம். நீ ஓட்டினாயா என்று நாங்கள் நிரூபிக்க மாட்டோம், பதிலுக்கு உன்னைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டோம், தொகையையும் குறைத்துக்கொள்கிறோம்.

பேரமே தப்பு என்பவர்கள் உண்டு, அவர்கள் பக்கம் நீதிமன்றங்களும் நின்றிருக்கின்றன. மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 2007-ல் மினியாபொலிஸ் நகரத்தின் சிவப்பு விளக்குக் கேமரா விதியைச் செல்லாது என்றது. 2015-ல் மிசூரியின் உச்ச நீதிமன்றம் செயின்ட் லூயிஸ் நகர விதியைத் தள்ளியது. உரிமையாளர்தான் ஓட்டினார் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் ஏற்றுவது கூடாது என்றார்கள். நாம் மதிக்க வேண்டிய கவலை இது. ஆனால் சிகாகோ கேமரா வழக்கில் 2009-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்த நிலைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உரிமையாளர் ஓட்டினார் என்று யாரும் சொல்லவில்லை, தன் காரை யாரிடம் கொடுத்தோம் என்பதற்கு அவர் பதில் சொல்கிறார், அவ்வளவே. பிரிட்டன் வேறு வழியைப் பிடித்தது. 1992-ல் மேற்கு லண்டனின் ட்விக்கனம் பாலத்தில் முதல் கேமரா வந்தபோதே, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 172-ஆம் பிரிவு கையில் இருந்தது. ஓட்டியது யார் என்று உரிமையாளர் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். தன் வாயால் தன்னைக் காட்டிக்கொடுக்க வைப்பது ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனவர்களுக்கு 2007-ல் தோல்வி. எந்த வழியிலும் ஒரு விஷயம் பொது. உறை உரிமையாளர் வீட்டுக்கு வருகிறது, அவர் பிரித்துப் படிக்கிறார், மகனிடமோ தங்கையிடமோ அன்றைக்குக் காரை எடுத்தது யார் என்று கேட்கிறார். சொந்தக் காரில் உரிமையாளரைப் பிடிக்கும் முறை நியாயமாக இருப்பது இந்த ஒன்றால்தான். உரிமையாளரும் ஓட்டுநரும் ஒரே ஆள், இல்லையென்றால் ஒரே வீட்டு ஆட்கள் என்ற எண்ணத்தின் மேல்தான் அந்தச் சட்டம் நிற்கிறது.

வாடகைக் கார் பிறந்த நாளிலிருந்தே அந்த எண்ணத்துக்கு ஒத்துவராதது. 1916-ல் நெப்ராஸ்காவின் ஒமஹாவில் ஜோ சாண்டர்ஸ் தம் ஃபோர்டு காரை மைலுக்கு 10 சென்ட் என்று வாடகைக்கு விட்டார். மைலைக் கணக்கிட முன் சக்கரத்தில் ஒரு மீட்டரைக் கட்டினார். யார் எங்கே ஓட்டினாலும் சரி, உரிமையாளருக்குத் தெரிய வேண்டியது தூரம் மட்டும் என்ற தொழிலின் இலக்கணம் அந்த மீட்டரிலேயே இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்துச் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் பன்னிரண்டு கார்களோடு தொடங்கிய கடையை 1923-ல் ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். 1946-ல் வாரன் ஏவிஸ் மிச்சிகனின் வில்லோ ரன் விமான நிலையத்தில் கடை போட்டார். அதோடு வாடகைக் காருக்கு நிரந்தரமான ஒரு வாடிக்கையாளர் அமைந்தார்: வெளிமாநிலத்தார். தொழில் வளர வளர உரிமையாளர் என்ற பெயர் கம்பெனிகளுக்குச் சுமையாயிற்று. நியூயார்க்கின் 1924-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரை எடுத்துச் சென்றவர் விபத்து செய்தால் காரைக் கொடுத்தவரும் நஷ்டஈடு தர வேண்டும். லட்சக்கணக்கான டாலர் தீர்ப்புகள் கம்பெனிகளின் மேல் வந்தன. நாடாளுமன்றத்தில் அவை விடாமல் முயன்றதன் பலன், 2005-ல் மிசூரி உறுப்பினர் சாம் கிரேவ்ஸ் பெயரில் வந்த திருத்தம். வாடகைக்கு விட்டவர் தாம் கவனக்குறைவாக நடக்காதவரை, வெறும் உரிமையாளர் என்ற காரணத்துக்காக விபத்துக்குப் பொறுப்பாக மாட்டார் என்று அது நாடு முழுவதற்கும் விதித்தது. மாநிலங்களின் சட்டங்கள் அதன் முன் ஒதுங்கின. உயிர்ச்சேதம் நேர்ந்தால் கம்பெனி ஓட்டுநர் அல்ல, காகித உரிமையாளர். 50 டாலர் அபராதத்தில் மட்டும் அது உரிமையாளராக முன்னே நிற்கிறது. ஒன்றில் பணம் போகிறது, மற்றதில் கட்டணம் வருகிறது.

இதில் சட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. கேமராச் சட்டங்களை எழுதியவர்கள் வாடகைக் காரை மறக்கவில்லை. நியூயார்க்கின் சட்டத்தை எடுத்துக்கொண்டால், நோட்டீஸ் கிடைத்த 37 நாளுக்குள் வாடகைக்கு எடுத்தவரின் பெயரையும் முகவரியையும் கம்பெனி கொடுத்துவிட்டால் போதும், பொறுப்பு அதை விட்டு நீங்கும். நகரம் புதிய நோட்டீஸை அவர் பெயருக்கு அனுப்பும், அவர் படத்தைப் பார்த்துக் கட்டலாம், மறுக்கலாம். 1928-ல் உச்ச நீதிமன்றம் கேட்ட மரியாதை இதுதான். ஆனால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. கம்பெனி தானே அபராதத்தைக் கட்டிவிட்டு, ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் இட்ட கையெழுத்தைக் காட்டி, கட்டணமும் சேர்த்துக் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பெயரைக் கொடுக்கும் வழி பிடித்தாலும் கம்பெனி கட்டணம் போடுவதுண்டு. ஆனால் அதில் வாடிக்கையாளருக்கு நோட்டீஸாவது கிடைக்கும். கட்டிவிடும் வழியில் அவருக்குக் கிடைப்பது செலவுக் கணக்கு மட்டும். இந்த வேலையைப் பெரிய வாடகைக் கம்பெனிகள் தாமே செய்வதில்லை, வெளியே கொடுக்கின்றன. அமெரிக்கன் டிராஃபிக் சொல்யூஷன்ஸ் என்று அரிசோனாவில் வளர்ந்து 2018-ல் வெர்ரா மொபிலிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி ஹெர்ட்ஸ், ஏவிஸ், என்டர்பிரைஸ் மூன்றுக்கும் டோலையும் அபராதத்தையும் கையாள்கிறது. அதே கம்பெனிதான் நியூயார்க் நகரத்தின் கேமராக்களையும் நடத்திக்கொடுக்கிறது. 2021-ல் போட்டியாளரான ரெட்ஃப்ளெக்ஸையும் வாங்கிக்கொண்டது. ஆக, படம் எடுப்பவரும் கார்டிலிருந்து பணம் எடுப்பவரும் ஒரே குடும்பம் ஆகிவிட்ட இடங்கள் உண்டு. இதில் சட்டமீறல் ஏதும் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் அபராதத்தை யாராவது எதிர்த்துக் கேட்க வேண்டும் என்ற அக்கறை இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணிக்கும் இல்லை. அந்த அக்கறை உள்ள ஒரே ஆளுக்கு விஷயம் கடைசியில்தான் தெரிகிறது.

வேகமாகப் போனது உண்மைதானே, கட்டினால் என்ன என்பது முதல் மறுப்பு. பெரும்பாலான சமயம் உண்மைதான். ஆனால் பால்டிமோரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2012-ல் அந்த நகரத்தின் ஒரு கேமரா, 25 மைல் எல்லையில் 38 மைல் வேகத்தில் போனதாக ஒரு காருக்கு 40 டாலர் டிக்கெட் அனுப்பியது. டிக்கெட்டோடு சில நொடிகூட இடைவெளி இல்லாத இரண்டு படங்கள். இரண்டிலும் கார் ஒரே இடத்தில், சிவப்பு விளக்கின் முன், பின்புற பிரேக் விளக்குகள் எரிய நின்றுகொண்டிருந்தது. உரிமையாளர் வீட்டுக்கு உறை வந்தது, அவர் படத்தைப் பார்த்தார், அதனால்தான் தவறு வெளியே வந்தது. பால்டிமோர் சன் பத்திரிகை துருவிய பிறகு இப்படி இன்னும் பல அகப்பட்டன. 2013-ல் நகரம் கேமராக்களை நிறுத்தியது. நகரமே செய்வித்து வெளியிடாமல் வைத்திருந்த தணிக்கை பிறகு கசிந்தபோது, டிக்கெட்டுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் பிழை என்ற மதிப்பீடு அதில் இருந்தது. அந்தக் கார் வாடகைக் காராக இருந்து, கம்பெனி முதல் வாரத்திலேயே கட்டியிருந்தால், நின்ற கார் 38 மைலில் ஓடியதாகவே பதிவேட்டில் இருந்திருக்கும். இயந்திரத்தின் பிழையைப் பிடிக்கும் வழி, குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படத்தைக் காட்டுவதுதான். அவர் கண்ணை மறைத்தால் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை, பிழையோடு கேமரா தொடர்ந்து ஓடுகிறது.

கேமரா உயிரைக் காக்கிறது, இப்படி நடைமுறை பேசிப் பேசி அதைப் பலவீனப்படுத்தலாமா என்பது இரண்டாவது மறுப்பு. காக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2010-ல் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கேமரா வைத்த இடங்களில் சாவும் படுகாயமும் நேர்ந்த விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்திருந்தன. மான்ட்கமரி கவுன்டியில் விபத்தில் உயிர்போகும் அல்லது முடமாகும் வாய்ப்பு 19 விழுக்காடு குறைந்ததாக 2015-ல் ஒரு காப்பீட்டு ஆய்வு நிறுவனம் கண்டது. குழந்தைகள் கடக்கும் தெருவில் வேகத்தைக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் கேமராக்களை மூடவைத்தது எது என்று பாருங்கள். பால்டிமோரில் பிழைதான் மூடவைத்தது. தென் கரோலினாவில், லுடோவிசிக்கு அதிகத் தொலைவில்லாத ரிட்ஜ்லேண்ட் என்ற ஊர் 2010-ல் ஐ-95 நெடுஞ்சாலையின் மேம்பாலத்தடியில் கேமரா வண்டியை நிறுத்தி, ஃபுளோரிடா போகிறவர்களுக்குத் தபாலில் டிக்கெட் அனுப்பத் தொடங்கியது. பிடிபட்டவர்களில் வெளிமாநிலத்தார் மிகுதி. ஊரின் வேகக் கட்டுப்பாட்டுக் காரணம் உண்மையாகவே இருந்திருக்கலாம், நாடு பார்த்ததோ பழைய வழிப்பறியை. 2011-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் கேமரா டிக்கெட்டையே தடை செய்துவிட்டது. நம்பிக்கை போனால் கேமரா போகிறது, அதோடு அது காத்த உயிர்களும் போகின்றன. முறையாக நோட்டீஸ் கொடுங்கள் என்று கேட்பது கேமராவுக்கு விரோதமல்ல.

தகவல், முறை என்று பேசினால் வெளிமாநிலத்தார் தப்பிவிடுவார்கள் என்பது இதைவிட வலுவான மறுப்பு, வாஷிங்டன் நகரத்தின் அனுபவம் அதற்குச் சான்று. மேரிலாண்டும் வர்ஜீனியாவும் வாஷிங்டனின் கேமரா அபராதத்தை வசூலிக்க உதவுவதில்லை. 1977-ஆம் ஆண்டு உடன்படிக்கை போலீஸ்காரர் கையில் கொடுத்த டிக்கெட்டுக்கானது, புள்ளியில்லாத சிவில் அபராதம் அதில் சேராது. பல்லாயிரம் டாலர் பாக்கி வைத்துக்கொண்டு அன்றாடம் நகரத்துக்குள் சீறி வருகிறவர்கள் இருந்தார்கள், அவர்களில் சிலரால் உயிர்களும் போயின. 2024-ல் நகரம் ஒரு சட்டம் இயற்றித் தன் தலைமை வழக்கறிஞருக்கு அவர்கள் மேல் வழக்குத் தொடுக்கும் அதிகாரம் கொடுத்தது, மறு ஆண்டு வழக்குகள் வரத் தொடங்கின. நல்ல காரியம். ஆனால் ஒரே கேமராவின் முன்னால் இரண்டு வெளிமாநிலத்தாரை நிறுத்திப் பார்த்தால் முறையின் கோணல் தெரியும். ஒருவர் வர்ஜீனியா பதிவுள்ள சொந்தக் காரில் நூறு முறை வேகமாகப் போனவர். நோட்டீஸ் ஒவ்வொன்றும் அவர் வீட்டுக்கு வருகிறது, அவர் குப்பையில் போடுகிறார், அவரிடமிருந்து வாங்க நகரம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மற்றவர் ஒரே ஒரு முறை வாடகைக் காரில் போனவர். அவருக்கு நோட்டீஸே வராமல் பணம் போகிறது. ஆபத்தானவருக்கு எல்லாப் பாதுகாப்பும், வழிதவறி வந்த பயணிக்கு ஒன்றுமில்லை. வசூலின் சுலபத்தை வைத்து நீதியின் அளவைத் தீர்மானித்தால் இப்படித்தான் தலைகீழாகும்.

கடைசியாகச் சொல்லப்படுவது, நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்பது. விமான நிலையக் கவுன்டரில், பின்னால் வரிசை நிற்க, சிறிய திரையில் விரலால் கிறுக்கும் கையெழுத்து அது. வாடகை எவ்வளவு, காப்பீடு உண்டா என்று பார்ப்பவர்கள் உண்டு. அபராதத்தை உங்களைக் கேட்காமல் நாங்கள் கட்டுவோம் என்ற ஷரத்தைப் பேரம் பேசி நீக்கியவர் யாரும் இருக்க முடியாது. பெயரைக் கொடுப்பதற்குக் கம்பெனிக்குக் கொஞ்சம் செலவு உண்டு, அதற்கு நியாயமான கட்டணம் கேட்கட்டும். மறுக்கும் உரிமையை வாடிக்கையாளரிடமிருந்து ஒப்பந்தம் எடுத்துக்கொள்வதை அந்தச் செலவு நியாயப்படுத்தாது. இப்படிப்பட்ட கையெழுத்தைக் கேள்வி கேட்க முடியாது என்பதும் இல்லை. கோல்டன் கேட் பாலத்தில் 2013-ல் டோல் வாங்கும் ஆட்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கேமராவுக்கு மாற்றினார்கள். தெரியாமல் பாலத்தைக் கடந்த வாடகைக் கார்ப் பயணிகளிடம் டோலுக்கு மேல் கட்டணம் வசூலித்த முறைக்காக 2017-ல் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் ஹெர்ட்ஸ் மேலும், டோலைக் கையாண்ட கம்பெனி மேலும் வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தத்தில் இருந்தது என்ற பதில் அந்த வழக்கைத் தடுக்கவில்லை. 2019-ல் 36.5 லட்சம் டாலருக்கு அது சமரசமானது. அந்த ஊரில் ஓட்டில்லாத பயணிகளுக்காக ஊரின் வழக்கறிஞரே வழக்காடினார் என்பதை லுடோவிசியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்தச் சமரசம் டோலோடு நின்றுவிட்டது. அபராதத்துக்கு மாநிலச் சட்டமன்றங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பெயர் கொடுத்தால் விடுபடலாம் என்று கம்பெனிக்கு ஏற்கெனவே இருக்கும் சலுகையைக் கடமையாக மாற்றி, வாடிக்கையாளர் பெயருக்கு நோட்டீஸ் போய், அவர் மறுக்க வேண்டிய கெடு முடியும்வரை கம்பெனி அந்த அபராதத்தைக் கட்டக் கூடாது என்று அதே பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும்.